உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக்காசை நோட்டம் பார்ப்பது எப்படி

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் வெள்ளி இறங்கியது, மஸ்லின் துணி ஏறியது. கும்பினிக் கப்பல்கள் போய்விட்டாலும் வெள்ளிக்காசு இந்தக் கரையோர வீடுகளில் தங்கிவிட்டது. பாட்டியின் சுருக்குப்பையில், பூஜையறை டப்பாவில், காசுமாலையில் அது இன்றும் இருக்கிறது. அதை விற்கவோ வாங்கவோ போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதை யாராவது தேய்த்திருக்கிறார்களா? சொல்லும் தரம் உண்மையான தரமா?

நோட்டம் என்பது ஒரு தொழில்

"நோட்டம் விடுகிறான்" என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். காசின் மாற்றையும் எடையையும் பார்த்து நல்லது கெட்டது சொல்வதற்குப் பழைய பெயர் காசு நோட்டம். சொல்பவர் நோட்டக்காரர். சங்க காலத்தில் அவர் வண்ணக்கர். வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று புலவர்களின் பெயரிலேயே அந்தத் தொழில் நிற்கிறது. காசைக் கண்ணால் எடைபோடும் கலை நமக்குப் புதிதல்ல.

கறுப்பு அழுக்கு அல்ல

காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய படலமாகிறது. முதலில் வெளிர் மஞ்சள், அடுத்து செம்பழுப்பு, பிறகு நீலம், கடைசியில் சாம்பல் கலந்த கறுப்பு. இந்த நிறங்கள் இந்த வரிசையில் வர ஆண்டுகள் பிடிக்கும். காசுக்குப் பல பத்தாண்டுகளாக யாரும் தொந்தரவு கொடுக்கவில்லை என்பதற்கு அந்தப் படலமே சாட்சி. சேகரிப்பாளர் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான்.

விரல்நுனியில் ஒட்டிய மணல் போதும்

தாதுக்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளப்பார்கள். அந்த அளவில் வெள்ளி இரண்டரையிலிருந்து மூன்று. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் கரை மணலில் கலந்திருக்கும் கார்னெட் ஏறத்தாழ ஏழு. கடற்கரையில் கிடைத்த காசை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்தாலே போதும், அதன் முகத்தில் நிரந்தரக் கீறல் விழும். சாம்பல், பல்பொடி, செங்கல்தூள் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. பளபளப்பு வந்தது என்றால் மேல்தோல் போயிற்று என்று பொருள். போன தோலைத் திரும்ப வைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

ஒளி சுழல்கிறதா?

முதல் சோதனை இது. ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, காசை விளிம்பில் பிடித்து, அதன் கீழ் மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சு விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்வரிகளில் பட்ட ஒளி, வண்டிச் சக்கரத்து ஆரங்கள்போல் காசின் மேல் சுழலும். தேய்த்த காசில் அந்த வரிகள் இருக்காது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே வெளுப்பாக, அலுமினியப் பாத்திரம்போல் இருக்கும். நூறு ஆண்டு கண்ட ரூபாய் மொத்தமும் ஒரே வெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள்.

கோடு மேடா, பள்ளமா?

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காசில் எழுத்தோ உருவமோ இல்லாத வெற்றிடத்தில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால், அவை மேடா பள்ளமா என்று பாருங்கள். பள்ளமாக, ஒரே திசையில் இணையாக ஓடினால் துணியோ பிரஷோ போட்ட கீறல். மேடாக எழுந்து, எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிட்டால் அது நாணயச்சாலையில் அச்சையே மெருகிட்டபோது விழுந்த கோடு. முன்னது குறை, பின்னது பிறவி அடையாளம். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல காசை ஒதுக்கியவர்களும் உண்டு, கெட்டதை வாங்கியவர்களும் உண்டு.

இடுக்கைப் பாருங்கள்

உருவத்தின் கன்னமும் வெற்றிடமும் வெள்ளைவெளேரென்று இருக்க, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. துணி எட்டிய இடமெல்லாம் சுத்தம், எட்டாத இடத்தில் பழைய கறுப்பு. புழங்கித் தேய்ந்த காசிலும் மேடு வெளுத்து இடுக்கு கறுத்திருக்கும். ஆனால் அங்கே வெளுப்பிலிருந்து கறுப்புக்கு நிறம் படிப்படியாக மாறும். தேய்த்த காசில் வெட்டினாற்போல் மாறும்.

முக்கி எடுத்தது

தேய்க்காமல் கரைசலில் முக்கி எடுப்பதைச் சேகரிப்பாளர் "டிப் பண்ணினது" என்பார்கள். தயோயூரியாவும் அமிலமும் கலந்த நீர்மம் படலத்தைக் கரைக்கும். அதோடு வெள்ளியிலும் ஒரு துளி கரையும். சில விநாடி முக்கியது கண்ணுக்குத் தப்பலாம். அடிக்கடி முக்கினால் ஓட்டவரிகள் மழுங்கி, காசு உயிரற்ற சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். சரியாக அலசாமல் விட்டால் சில மாதங்களில் பழுப்புத் திட்டுகள் எழும். வாங்கியபோது வெள்ளையாக இருந்து, பெட்டிக்குள் புள்ளி விழும் காசுகள் பல இந்த ரகம்.

கம்பி பிரஷ் காட்டும் பொய்மினுக்கு

சுழலும் கம்பி பிரஷை ஓட்டி, புதுக்காசின் மினுமினுப்பைப்போல் ஒன்றை வரவழைப்பார்கள். தூரத்தில் ஏமாற்றும், லென்ஸுக்குக் கீழே ஏமாற்றாது. எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகம் வரப்புபோல் ஒதுங்கி நிற்கும். சாய்த்துப் பார்த்தால் ஒளி சுழலாது, அப்படியே மொத்தமாக மின்னி மொத்தமாக அணையும்.

சமைத்த நிறம்

நிறமேறிய காசுக்கு விலை கூடும் என்று தெரிந்ததும் நிறத்தையே சமைக்கத் தொடங்கினார்கள். கந்தகப் புகை, அவித்த முட்டை, சூடான அடுப்பு எல்லாம் கருவிகள். இயற்கை நிறம் விளிம்பில் தொடங்கி உள்ளே நகரும், மஞ்சளில் தொடங்கி நீலத்துக்குப் போகும். சமைத்த நிறம் மஞ்சளைத் தாண்டி நேராக ஊதாவுக்கோ கருநீலத்துக்கோ குதிக்கும். அந்த நிறத்துக்கு அடியில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால், முதலில் தேய்த்து, பிறகு அதை மறைக்க நிறம் பூசியிருக்கிறார்கள்.

கண்ணாடிப் பளபளப்பு

காட்சிக்கென்று நாணயச்சாலையே சிறப்பாக அடிக்கும் புரூஃப் காசின் வெற்றிடம் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் எழுத்தின் ஓரம் கத்திபோல் கூராகவும், விளிம்பு சதுரமாகவும் நிற்கும். பாலிஷ் போட்ட சாதாரணக் காசிலும் முகம் தெரியும். அங்கே எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டிபோல் உருண்டிருக்கும். பளபளப்பைப் பார்த்ததும் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

காசுமாலையில் இருந்த காசு

நம் பக்கத்து ரூபாய்களில் பல ஒருகாலத்தில் கழுத்தில் தொங்கியவை. வளையத்தை எடுத்துவிட்டு விளிம்பை ராவி விற்பார்கள். பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்புப் பற்கள் மழுங்கியிருக்கிறதா, அங்கே மட்டும் நிறம் மாறிப் பற்றாசின் தடம் இருக்கிறதா என்று காசை உருட்டிப் பாருங்கள். துளையை அடைத்திருந்தால் இரு பக்கமும் ஒரே இடத்தில் வடிவம் குழம்பியிருக்கும். நகைக்காசு கேவலமல்ல. நகையாக இருந்ததை மறைத்து விற்பதுதான் தவறு.

ஒரு ரூபாய் எடை

1835 முதல் அடித்த ஆங்கிலக் கும்பினி ரூபாயும், பிறகு வந்த விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் ஒரே எடை: 11.66 கிராம். அதுதான் ஒரு தோலா. அதில் வெள்ளி 91.7 விழுக்காடு, அதாவது சுமார் 10.7 கிராம் தனிவெள்ளி. 1906 நாணயச் சட்டப்படி தேய்மானம் இரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ரூபாய் செல்லுபடியாகும் தகுதியை இழந்தது. ஆகவே 11.43 கிராமுக்குக் கீழே இருக்கும் ரூபாயை "புழங்கவே இல்லை" என்று ஒருவர் விற்றால், அவர் சொல்லைத் தராசே மறுக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் உரைகல்

கல்லில் உரசினால் காசு பாழாகும். தண்ணீர் பாழாக்காது. இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். நூலில் கட்டிய ரூபாயை அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.7 விழுக்காடு வெள்ளி என்றால் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய் சுமார் 1.22 காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 1.3ஐ நெருங்கும். முடிந்ததும் காசை மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

காந்தத்தில் ஒட்டும் ரூபாய்

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1947 ஆண்டு ரூபாய்கள் ஒட்டும், ஏனென்றால் அவை நிக்கல். ஒட்டுவதால் அவை போலி ஆகிவிடாது. ஆனால் அவற்றை "வெள்ளிக்காசு" என்று விற்றால் வாங்காதீர்கள்.

யானை பன்றியான கதை

1911இல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் வந்தது. அரசரின் அங்கியிலிருந்த யானையின் துதிக்கை குட்டையாக விழுந்ததால் அது பன்றிபோல் தெரிந்தது, மக்கள் மனம் புண்பட்டது. வெளியீடு நிறுத்தப்பட்டு, அடித்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு துதிக்கையைத் திருத்தி அடித்தார்கள். இந்தக் காசை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த யானையைத்தான். அது அச்சின் மேடான இடங்களில் ஒன்று, சீக்கிரம் தேயும். யானை மழுங்கிய 1911 ரூபாயை "புதுசுபோல" என்று சொன்னால் தரத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள்.

தலையும் பூவும்

எந்தக் காசிலும் மேடுதான் முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள கூந்தலும் உடையின் பூவேலையும், எட்வர்ட் ரூபாயில் காதை ஒட்டிய முடி, ஜார்ஜ் ரூபாயில் கிரீடமும் அங்கியும். பூப்பக்கத்தில் இதழ்களின் நடுநரம்பு. இந்த இடங்களை மட்டும் சாய்த்துப் பாருங்கள். மற்ற இடத்தில் சுழலும் ஒளி கன்னத்திலோ கிரீட நுனியிலோ வந்து அறுபட்டு மங்கினால் காசு கைமாறியிருக்கிறது. சந்தையில் அதிகம் நடக்கும் தரக்கூட்டல் இதுதான்: லேசாகப் புழங்கிய காசை, புழங்காதது என்று ஒருபடி ஏற்றிச் சொல்வது.

அச்சு மங்கலா, தேய்மானமா?

ஆற்காட்டு ரூபாயைக் கையால் அடித்தார்கள். அச்சு பெரியது, வெள்ளித்தகடு சிறியது. ஆகவே பாரசீக எழுத்துகளில் பாதிதான் காசில் விழும். எழுத்து முழுதாக இல்லை என்பதால் அது தேய்ந்தது என்று சொல்லக்கூடாது. சம்மட்டி லேசாக விழுந்த இடமும் மங்கலாகத்தான் இருக்கும். தேய்மானம் மேட்டைத் தட்டையாக்கி வழவழப்பாக்கும். மங்கல் அச்சில் அந்த இடத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும், தகட்டின் ஆதித் தோல் அப்படியே தெரியும்.

பாலாற்றுக்குத் தெற்கே ஒரு நாணயச்சாலை

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போனால் கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் இங்கே நாணயம் அடித்தார்கள். 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரரான தூப்ளேக்குக் கிடைத்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். காசைத் தேட அல்ல, காசு பிறந்த இடத்தைப் பார்க்க.

இறந்தவர் பெயரில் அரை நூற்றாண்டு

ஆங்கிலக் கும்பினி சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற கணக்கும் இருக்கும். அந்தப் பேரரசர் 1759இல் கொல்லப்பட்டார். மக்களுக்குப் பழகிய காசு என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே பெயரில், அதே ஆண்டில் அடித்தார்கள். ஆகவே காசிலுள்ள ஆண்டை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. சென்னைக் காசில் தாமரைக்குறி, புதுச்சேரிப் பிரெஞ்சுக் காசில் பிறைக்குறி. தேய்த்தால் முதலில் மங்குவது இத்தகைய சின்னக் குறிகள்தான். குறி போனால் ஊரும் போயிற்று.

சராப்பு வைத்த முத்திரை

பழைய ரூபாயில் சின்னச் சின்னப் பூ, பிறை, புள்ளி வடிவங்கள் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை காசு மாற்றும் சராப்புகள் சோதித்துப் பார்த்துக் குத்திய முத்திரைகள். தேய்மானத்துக்கும் பழமைக்கும் வட்டம் பிடித்துக் காசு மாற்றிய காலத்தில், இந்த முத்திரை ஒருவகை உத்தரவாதம். சிலர் இதற்காக விலையைக் குறைப்பார்கள். ஆனால் இது தேய்த்த குற்றம் அல்ல, காசு சந்தையில் வாழ்ந்ததற்கு அடையாளம். இதை அடைத்து மறைக்க முயன்ற காசுதான் உண்மையில் கெட்டது.

கோபுரமும் பெருமாளும், அடியில் ஸ்பெயினும்

1807ஐ ஒட்டிச் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் விண்மீன்களும், மறுபக்கம் திருமாலும் இருக்கும். மதிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்தார்கள். எடை சுமார் 21 கிராம். இவற்றில் பல, ஸ்பானிய வெள்ளி டாலரின் மேலேயே அடித்தவை. கோபுரத்தின் ஓரத்தில் பழைய லத்தீன் எழுத்தின் நிழல் தெரிந்தால் அதைக் கீறல் என்று எண்ணித் தேய்க்காதீர்கள். கடல் கடந்து வந்த வெள்ளி நம் ஊர்க் காசாக மாறியதன் தடம் அது.

அந்த 1818 காசு

சுற்றுலாத் தலங்களில் ராமர் பட்டாபிஷேகம், அனுமன் உருவங்களோடு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று ஆங்கிலத்தில் எழுதிய காசுகளை விற்பார்கள். 1616, 1717 என்றும் போட்டிருக்கும். கும்பினி அப்படிக் காசு எதுவும் வெளியிடவில்லை. பிற்காலத்தில் பித்தளையிலும் செம்பிலும் செய்த பக்திப் பொருள்கள் அவை. சிலவற்றுக்கு வெள்ளி முலாமும் உண்டு. மாமல்லபுரம் வரும் விருந்தாளிகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

கடலில் கிடந்த வெள்ளி

உப்புநீரில் கிடந்த வெள்ளி கறுத்துப் பொருமி, சுத்தம் செய்தபின் மணல்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். எடையும் குறையும். 27 கிராம் இருக்க வேண்டிய ஸ்பானிய டாலர் அதைவிட வெகுவாகக் குறைந்து வரலாம். "கடலில் எடுத்தது" என்று சொல்லி விற்றால் அது நேர்மையான விற்பனை. சென்னைக்கு வரவேண்டிய செப்புக்காசுகளோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலின் 1808 ஆண்டுப் பத்து காசு நாணயங்கள் இன்று உலகமெங்கும் அந்தப் பெயரிலேயே விற்கின்றன. மூழ்கிய வரலாறே அவற்றின் மதிப்பு.

எட்டை ஒன்பதாக்குவது

1939 ரூபாய் மிக அரிது. அதே உருவத்தில் வந்த 1938 ரூபாய் எளிதாகக் கிடைக்கும். ஆகவே கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்குவார்கள். அந்த இலக்கத்தைச் சுற்றி வெற்றிடம் மட்டும் வழவழப்பாக இருக்கிறதா, ஒன்பதின் வால் மற்ற இலக்கங்களைவிட மெலிந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். வார்த்தெடுத்த போலிகளும் உண்டு. அவற்றில் குமிழிப் புள்ளிகளும் விளிம்பில் ஒட்டுத் தடமும் இருக்கும்.

எழுபது என்ற எண் எங்கிருந்து வந்தது?

வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்பு சென்ட்டுகளுக்கு ஒன்றிலிருந்து எழுபதுவரை தரம் வகுத்தார். ஒன்றாம் தரக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறுவது எழுபதாம் தரம் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு காலாவதியாகி, எண்கள் மட்டும் நிலைத்தன. இன்று அறுபதும் அதற்கு மேலும் புழங்காத காசு, ஐம்பது முதல் ஐம்பத்தெட்டு வரை லேசாகப் புழங்கியது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் இந்த எண்களைப் போட்டுக் காசைப் பிளாஸ்டிக் பேழையில் அடைக்கத் தொடங்கின.

எண்ணில்லாத பேழை

இந்த நிறுவனங்கள் மோசமாகத் தேய்த்த காசுக்கு வழக்கமாக எண் போடுவதில்லை. "டீட்டெயில்ஸ்" என்று எழுதி, பக்கத்தில் சுத்தம் செய்யப்பட்டது என்று குறிப்பார்கள். அது அசல் காசு, ஆனால் தோல் கெட்டது என்று பொருள். விற்பவர் விளம்பரத்தில் முன்பாதியை மட்டும் சொல்லி, பின்பாதியை விட்டுவிடலாம். சீட்டை முழுதாகப் படியுங்கள். பேழையே போலியாகவும் வருகிறது. சான்று எண்ணை நிறுவனத்தின் பதிவில் தட்டி, அங்குள்ள படத்தோடு கையிலிருக்கும் காசின் கீறல்களை ஒப்பிடுங்கள்.

தரம் என்பது ஒரு கருத்து

அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் இருப்பது ஒரு மனிதரின் கண். அதே காசு இன்னொரு நாள் இன்னொருவர் கையில் ஒரு எண் மாறலாம். விலையோ சில சமயம் இரட்டிப்பாக மாறும். ஆகவே சீட்டை வாங்காதீர்கள், காசை வாங்குங்கள். உங்கள் கண்ணுக்கு அது அந்த எண்ணாகத் தெரியவில்லை என்றால், நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் கண்ணுக்கும் தெரியாது.

படம் பார்த்து வாங்குகிறீர்களா?

ஒரே கோணத்தில், வெளிச்சம் அதிகமாக எடுத்த படத்தில் கீறல் மறைந்துவிடும். காசை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துக் காட்டும் அரை நிமிட வீடியோ கேளுங்கள். விளிம்பின் படமும் எடையும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி மூன்றையும் தயங்காமல் அனுப்புவார்.

எப்போது கவலை வேண்டாம்?

எல்லாத் தேய்ப்பும் ஒரே நஷ்டம் அல்ல. லட்சக்கணக்கில் கிடைக்கும் சாதாரண ஆண்டு ஜார்ஜ் ரூபாயைத் தேய்த்திருந்தாலும் அதன் வெள்ளி விலை எங்கும் போகாது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் வந்த பத்து ரூபாயும் அப்படித்தான்: 15 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. ஆண்டு அரிதாக, தரம் உயர்வாக ஆகத்தான் தேய்ப்பின் நஷ்டம் பெருகும். எது அரிது என்று தெரியாத நிலையில் எதையும் தேய்க்காமல் இருப்பதே லாபம்.

லட்சம் தருகிறேன் என்றால்

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலை, முன்பணமாகக் கமிஷன் மட்டும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். தான் அப்படிப்பட்ட விற்பனையில் ஈடுபடுவதில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உங்கள் காசை விற்க நீங்கள் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மண்ணில் கிடைத்தால்

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சதுரங்கப்பட்டினம் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே தோண்டுவது குற்றம். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. இதெல்லாம் வெறும் விதி அல்ல. எந்த அடுக்கில், எதோடு கிடைத்தது என்பது தெரிந்தால்தான் ஒரு காசு வரலாறு பேசும்.

பெயர் சொன்ன வெள்ளி

கரூர்ப் பக்கம் கிடைத்த வெள்ளிக்காசுகளில் ஓர் அரசனின் முகமும் மேலே தமிழ்பிராமியில் "மாக்கோதை" என்ற பெயரும் இருப்பதை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து உலகறியச் செய்தார். அந்த எழுத்துகளின் மேடு மிக மெல்லியது. கிடைத்தவர் ஒருமுறை புளிபோட்டுத் தேய்த்திருந்தால் சேரன் ஒருவனின் பெயர் அதோடு போயிருக்கும்.

கடற்கரை வீட்டுக்காரர்களுக்கு

உப்புக்காற்றும் ஈரமும் வெள்ளிக்கு ஆகாது. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அதைச் சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் படியும். மைலார் உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். ஒருமுறை பதிந்த விரல்ரேகை, நிறம் ஏறும்போது நிரந்தரமாகத் தெரியும்.

நிபுணர்கள் எப்படித் தொடுகிறார்கள்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இயங்குகிறது. செப்புத் திருமேனிகளை அரித்த நோயைத் தடுக்கவே அது பிறந்தது, முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன். அங்கே கேள்வி "பளபளக்கிறதா?" என்பது அல்ல, "அரிப்பு நின்றதா?" என்பது. நோய்க்கு மருந்து கொடுப்பது வேறு, ஒப்பனை செய்வது வேறு. உங்கள் காசில் பச்சைப் பிசினோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் தூய அசிட்டோனில் சில நிமிடம் கிடத்தி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒற்றி எடுங்கள். அசிட்டோன் தீப்பற்றும், அடுப்பங்கரையில் வேண்டாம். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

வியாழக்கிழமை மாலைக்கு ஒரு வேண்டுகோள்

வெள்ளிக்கிழமைப் பூஜைக்காக முதல்நாள் மாலை விளக்கும் சொம்பும் துலக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். திருநீறு போட்டுத் தேய்த்தால் வெள்ளி விளக்கு சிரிக்கும், அது நல்ல பழக்கம். விளக்கு தினமும் எரிவதற்காக இருக்கிறது, தேயத் தேய அதற்கு அழகு. ஆனால் அதே தட்டில் லட்சுமிக்கு வைத்த விக்டோரியா ரூபாயையும் சேர்த்துத் துலக்கிவிடுகிறோம். மூன்று தலைமுறை தொட்டுக் கும்பிட்ட மஞ்சளும், அதற்கும் முன்னால் ஏதோவொரு சந்தையில் சராப்பு குத்திய புள்ளியும், நூறு ஆண்டுக் காற்று போர்த்திய நிறமும் ஐந்தே நிமிடத்தில் கழுவுநீரில் போகின்றன. இந்த வாரம் விளக்கைத் தேயுங்கள். காசை மட்டும் எடுத்து ஓரமாக வையுங்கள்.